கணனித் திரைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் கணனித் திரை. மொனிற்றர் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். 'இதிலே பேசுவதற்கு என்ன இருக்கிறது, கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதானே' என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இன்று 27 அங்குலத் திரை ஒன்று நூற்றுச் சொச்சம் பவுணுக்கும் கிடைக்கிறது, ஆயிரத்து ஐந்நூறு பவுணுக்கும் கிடைக்கிறது. இரண்டும் மேசையில் ஒரே அளவு இடத்தைத்தான் பிடிக்கும். அப்படியானால் அந்த மேலதிக ஆயிரத்து நானூறு பவுண் எங்கே போகிறது? அது நமக்குத் தேவையானதா?

நான் பல வருடங்களாக இலண்டனில் எங்கள் ஆட்களுக்குத் திருமண அழைப்பிதழ், நினைவு மலர், கல்வெட்டு ஆகியவற்றைப் பக்கம் அமைத்துக் கொடுப்பவன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். அண்மையில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர், வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்யும் ஓர் அக்கா. மாலையானால் தலையிடி, கண் எரிவு. நல்ல திரை வாங்கினால் சரியாகுமா என்பது அவர் கேள்வி. இரண்டாமவர், மகன் விளையாட்டுக்கென்று 900 பவுண் திரை கேட்கிறான் என்று சொன்ன ஒரு தகப்பன். மூன்றாமவர், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒரு தம்பி. இந்த மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் விலையின் கதை. 2001ஆம் ஆண்டில் ஐபிஎம் கம்பனி டி220, டி221 என்ற திரைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அளவு 22 அங்குலம். குறுக்கே 3,840, நெடுக்கே 2,400 பிக்சல்கள். இன்று நாம் 4கே என்று சொல்லும் திரையைவிடச் சற்றுக் கூடிய பிக்சல்கள் அதில் இருந்தன. தொடக்கத்தில் அதன் விலை 20,000 டொலர் அளவில் இருந்தது. ஆராய்ச்சிக்கூடங்களும் பெரிய நிறுவனங்களுமே வாங்கக்கூடிய பொருள். இன்று 27 அங்குல 4கே திரையை 200 பவுணுக்கும் 400 பவுணுக்கும் இடையில் யாரும் வாங்கலாம். அன்றைக்கு ஆய்வுகூடத்துக்கு மட்டும் கிடைத்த தெளிவு இன்றைக்கு நடுத்தர விலைக்கு இறங்கி வந்துவிட்டது.

இன்னொரு கதை 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நடந்தது. அமெரிக்காவின் சான் ஹொசே நகரில் அப்பிள் கம்பனி 'புரோ டிஸ்பிளே எக்ஸ்டிஆர்' என்ற 32 அங்குலத் திரையை அறிமுகம் செய்தது. விலை 4,999 டொலர். அதைக் கேட்டபோது மண்டபம் பெரிதாக அதிரவில்லை. ஆனால் திரையைத் தாங்கும் காலுக்குத் தனியாக 999 டொலர் என்றவுடன் சபையில் முணுமுணுப்பு எழுந்தது. இங்கே பிரித்தானியாவில் அதே திரை 4,599 பவுணுக்கும், அதன் கால் 949 பவுணுக்கும் விலைபோட்டு வந்தன. 'ஒரு காலுக்கு இவ்வளவா' என்று உலகமே சிரித்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேடையில் அப்பிள் தனது திரையை ஒப்பிட்டது நம் வீட்டுத் திரையோடு அல்ல. சினிமா நிறத் திருத்தம் செய்பவர்கள் பாவிக்கும், 43,000 டொலர் விலையுள்ள திரையோடு. அப்படிப் பார்த்தால் 4,999 டொலர் மலிவு! ஒரு பொருளை எதன் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்களோ அதைப் பொறுத்து அது விலை கூடியதாகவோ குறைந்ததாகவோ தெரியும். நம்முடைய நகைக்கடைக்காரர்களுக்கும் புடவைக்கடைக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த வித்தைதான். முதலில் மிக விலைகூடிய கூறையை விரித்துக் காட்டிவிட்டுத்தானே அடுத்ததை எடுப்பார்கள்? ஆகவே திரையை அதைவிட விலைகூடிய திரையோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் கண்ணோடும், நீங்கள் செய்யும் வேலையோடும் ஒப்பிடுங்கள்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். கண் பரிசோதனைக்குப் போனால் 6/6 என்று எழுதுவார்கள் அல்லவா? அதன் பொருள், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவான நுணுக்கத்தை உங்கள் கண் பிரித்தறிகிறது என்பதாகும். திரையிலிருந்து 60 சென்ரிமீற்றர், அதாவது ஒரு கை நீளத் தூரத்தில் உட்கார்ந்தால், அது ஓர் அங்குலத்துக்கு 145 பிக்சல் என்று கணக்கு வரும். அதைவிட நெருக்கமாகப் பிக்சல்களை அடுக்கினால் சாதாரணக் கண்ணுக்குக் கிடைக்கும் மேலதிக நன்மை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். இளம் பிள்ளைகள் பலருக்கு இதைவிடக் கூர்மையான பார்வை உண்டு. வயது போனவர்களுக்குக் குறையும்.

இப்போது திரைகளைப் பாருங்கள். அலுவலகங்களில் அதிகம் காணப்படும் 24 அங்குல 'ஃபுல் எச்டி' திரையில் அங்குலத்துக்கு 92 பிக்சல். 27 அங்குல 4கே திரையில் 163. அப்பிள் 2022இல் 1,499 பவுணுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த 27 அங்குல 'ஸ்ரூடியோ டிஸ்பிளே' திரையில் 218. தொண்ணூற்றிரண்டிலிருந்து நூற்று அறுபத்துமூன்றுக்குப் போகும்போது உங்கள் கண் அந்த 145 என்ற எல்லையைத் தாண்டுகிறது. வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நூற்று அறுபத்துமூன்றிலிருந்து இருநூற்றுப் பதினெட்டுக்குப் போகும்போதும் வித்தியாசம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது சிறியது. அந்தச் சிறிய படிக்குத்தான் ஆயிரம் பவுணுக்கு மேல் கேட்கிறார்கள்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு இந்த முதற்படி ஆங்கிலம் மட்டும் வாசிப்பவர்களைவிட முக்கியமானது. நமது எழுத்துகளில் சுழியும் கொம்பும் புள்ளியும் உண்டு. 12 புள்ளி அளவில் ஓர் எழுத்தை 92 பிக்சல் திரையில் போட்டால், அந்த எழுத்துக்கும் அதன் மேல் கீழ் அடையாளங்களுக்கும் சேர்த்து உயரத்தில் 15 பிக்சல்தான் கிடைக்கும். அதற்குள் 'தெ' என்பதற்கும் 'தே' என்பதற்கும் உள்ள வேறுபாடு, கொம்பின் தலையிலுள்ள ஒரு சின்னச் சுழி. 'சி'க்கும் 'சீ'க்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான். 'ன'வா 'ண'வா என்பது ஒரேயொரு சுழி. மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒன்றிரண்டு பிக்சல்தான் மிஞ்சும். அதுவும் சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும். 163 பிக்சல் திரையில் அதே எழுத்துக்கு 27 பிக்சல் கிடைக்கும். தேவி என்ற பெயர் தெவி என்று அச்சாகியிருப்பதை அதில் கண் உடனே பிடித்துவிடும்.

இது அழகுக்காகச் சொல்வதல்ல. ஒருவருடைய முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டில் அவருடைய பெயரிலேயே பிழை வந்தால் அந்தக் குடும்பம் எவ்வளவு வேதனைப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தாலும் அந்த நாள் திரும்பி வராது. எனவே தமிழில் தட்டச்சு செய்பவர்கள், பிழை திருத்துபவர்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர்கள் ஆகியோர் 4கே திரைக்குக் காசு கொடுப்பது வீண் செலவு அல்ல என்பது என் உறுதியான கருத்து.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். 4கே திரையைப் பூட்டியதும் 'எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது' என்று சிலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கணனியின் அமைப்புகளுக்குப் போய் அளவை 150 வீதமாக்கினால் எழுத்து பழைய அளவுக்கு வரும், தெளிவு மட்டும் கூடும். மற்றது வயர். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் விநாடிக்கு 30 தடவைதான் வரும். சுட்டியை அசைத்தால் இழுபடும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் இணைப்பு உங்கள் கணனியில் இருக்கிறதா என்று வாங்க முன்பே பாருங்கள்.

அடுத்தது நிறம். விலைகூடிய திரைகளின் விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவது இதுதான். நூறு கோடி நிறம், சினிமாத் தரம் என்றெல்லாம் சொல்வார்கள். அது பொய்யல்ல. ஆனால் நீங்கள் கடைசியில் கடதாசியில் அச்சிடப்போகிறீர்கள் என்றால், அந்த நிறங்களில் ஒரு பகுதியை அச்சுமை காட்டவே மாட்டாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. கடதாசி தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித்தான் காட்டுகிறது. கூறைச் சேலையின் கனிந்த சிவப்பு திரையில் எரிவதுபோல அச்சில் எரியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தாயாரை இழந்த ஒருவர் நினைவு மலருக்கான படங்களைத் தானே திருத்தி, அச்சகத்துக்கும் தானே அனுப்பிவைத்தார். அவரிடமிருந்தது ஆயிரத்து ஐந்நூறு பவுணுக்குக் கிட்டிய திரை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்தார். அந்தத் திரையில் தாயாரின் முகம் பிரகாசமாகத் தெரிந்தது. புத்தகம் அச்சாகி வந்தபோது முகம் இருண்டு கிடந்தது. அச்சகத்தின்மேல் கோபப்பட்டார். அச்சகத்தில் பிழை இல்லை. அச்சுக்குப் படம் திருத்தும்போது திரையின் வெளிச்சத்தை 80 முதல் 120 நிற்ஸ் வரையில் வைத்திருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. கடையிலிருந்து வரும் திரைகள் 250, 350 நிற்ஸ் என்று எரிந்துகொண்டு வரும். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் இருண்ட படமும் நல்ல படமாகத் தெரியும். அதனால் முகத்துக்கு இன்னும் ஒளி கூட்டவேண்டும் என்றே தோன்றாது.

அவருக்குத் தேவைப்பட்டது விலைகூடிய திரையல்ல. திரையின் முன்னால் தொங்கவிட்டு நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்யும் ஒரு சிறிய கருவி. நூறு பவுணிலிருந்து இருநூற்றைம்பது பவுணுக்குள் அது கிடைக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம். சாதாரண 300 பவுண் திரையை அந்தக் கருவியால் அளந்து வைத்திருந்தால், அளக்காமல் வைத்திருக்கும் 1,500 பவுண் திரையைவிட அச்சு வேலைக்கு அது நம்பகமானது.

அப்படியானால் நிறத்துக்கென்று செய்யப்பட்ட விலைகூடிய திரைகள் யாருக்கு? அதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு. யப்பானின் ஐசோ கம்பனியின் கலர்எட்ஜ் வரிசை போன்றவை திரையின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரே வெளிச்சம், ஒரே நிறம் வரும்படி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்பப்படுபவை. இலண்டன் சோஹோவில் சினிமாப் படங்களுக்கு நிறம் திருத்துபவர்களுக்கு அதற்கும் மேலான திரைகள் வேண்டும். அவர்கள் முடிவெடுக்கும் நிறம் ஆயிரக்கணக்கான திரையரங்குகளுக்குப் போகிறது. அந்த விலையை அவர்களுக்கு அவர்களுடைய வேலை திருப்பிக் கொடுக்கிறது.

இனி வேகம். 60 ஹேர்ட்ஸ், 144 ஹேர்ட்ஸ், 240 ஹேர்ட்ஸ் என்று சொல்வது ஒரு விநாடிக்குத் திரை எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை. 60இல் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லிவிநாடி. 144இல் அது 6.9. 240இல் 4.2. முதல் தாவலில் மிச்சமாவது கிட்டத்தட்டப் பத்து மில்லிவிநாடி. அடுத்த தாவலில் மூன்றுகூட இல்லை. ஓடியாடிச் சுடும் விளையாட்டு விளையாடும் பிள்ளைக்கு முதல் தாவல் நன்றாகத் தெரியும். அடுத்தது போட்டியாளர்களுக்கு உரியது. அதோடு, விநாடிக்கு 240 படம் வரைந்து கொடுக்கும் சக்தி கணனிக்குள் இருக்கவேண்டும். கணனி 80 படம் கொடுத்தால் திரை 240ஐ எங்கிருந்து காட்டும்?

எச்டிஆர் என்ற ஒட்டுத்தாளையும் பார்த்து ஏமாறவேண்டாம். 2017 டிசெம்பரில் வந்த 'டிஸ்பிளே எச்டிஆர்' தரவரிசையில் 400 என்பது அடிமட்டப் படிகளில் ஒன்று. இருட்டான இடத்தை இருட்டாகவும் வெளிச்சமான இடத்தை வெளிச்சமாகவும் தனித்தனியே காட்டும் பின்னொளி அமைப்பு அந்தப் படிக்குக் கட்டாயமில்லை. அது இல்லாமல் எச்டிஆர் பெயரளவில்தான். ஓலெட் திரைகளில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். படம் பார்க்க மிக அழகு. ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் பட்டைகளும் கட்டங்களும் வருடங்கள் போக அதில் தடமாகப் பதியக்கூடும். சில ஓலெட் திரைகளில் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடும் தெரியும். நாள் முழுக்கக் கணக்கும் கடிதமும் எழுதுபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அடுத்து, எல்லோரும் சிரித்த அந்தக் காலுக்கு வருவோம். 949 பவுண் அதிகம்தான். ஆனால் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கால் என்பது ஆடம்பரம் அல்ல. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கவேண்டும். தூரத்துக்கும் கிட்டவுக்கும் ஒரே கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் திரையைப் பார்ப்பதற்காக நாடியை உயர்த்திக்கொண்டே இருப்பார்கள். பின்னங்கழுத்து வலி அங்கேதான் தொடங்குகிறது. அவர்களுக்குத் திரை இன்னும் தாழவேண்டும். 200, 300 பவுண் திரைகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. மிக மலிவானவற்றில் இராது. ஸ்ரூடியோ டிஸ்பிளேயிலோ உயரம் மாற்றும் காலுக்கு 2022இல் மேலும் 400 பவுண் கேட்டார்கள்.

கண் எரிவுக்கு முதல் மருந்து திரையல்ல, கண் பரிசோதனை. இங்கிலாந்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் என்எச்எஸ் மூலம் அது இலவசம். நாள்தோறும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து திரை பார்த்து வேலை செய்யும் ஊழியர் கேட்டால், 1992ஆம் ஆண்டின் விதிகளின்படி வேலை கொடுப்பவர் கண் பரிசோதனைக்குக் காசு கொடுக்கவேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் அது பொருந்தும். அவர் உட்காரும் இடமும் திரையும் சரியா என்று பார்ப்பதும் வேலை கொடுப்பவரின் பொறுப்பு. எனவே அலுவலக வேலைக்கான திரையை உங்கள் காசில் வாங்க முன், கேட்டுப் பாருங்கள். நம்மவர்கள் பலர் கேட்பதே இல்லை.

விலையைக் கணக்குப் பார்க்கும் முறை ஒன்று சொல்கிறேன். ஒரு திரை ஏழு வருடம் உழைக்கும், வருடத்தில் 250 நாள் பாவிப்போம் என்று வையுங்கள். மொத்தம் 1,750 நாள். 1,499 பவுண் திரை நாளுக்கு 86 பென்ஸ். 350 பவுண் திரை நாளுக்கு 20 பென்ஸ். 'ஒரு கோப்பிக் காசுகூட இல்லையே' என்று விற்பவர் சொல்வார். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எல்லாமே மலிவுதான். நீங்கள் கேட்கவேண்டியது, அந்த மேலதிக 66 பென்ஸுக்கு ஒவ்வொரு நாளும் எனக்கு எது கிடைக்கிறது என்பதை. பதிலைச் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த ஆயிரத்துச் சொச்சத்தை வேறு தேவைக்கு வையுங்கள்.

முன்பெல்லாம் கணனிச் சாமான் வாங்க ரொட்டன்ஹாம் கோர்ட் வீதிக்குப் போவோம். கடை கடையாக ஏறி இறங்கி, திரையை நேரில் பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். அந்தக் கடைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. இப்போது இணையத்தில் இலக்கங்களைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அதற்கு ஈடாகச் சட்டம் ஒரு வசதி தந்திருக்கிறது. இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள், காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கலாம். கடையில் நேரில் வாங்கினால் அந்த உரிமை சட்டப்படி கிடையாது. பழுது இருந்தால் மட்டும், எங்கே வாங்கியிருந்தாலும், 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளைக் கடனட்டையில் வாங்கினால், கடைக்காரர் கைவிட்டாலும் அட்டைக் கம்பனியிடம் கேட்கும் உரிமை 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. டெபிட் அட்டைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

அந்த 14 நாளைச் சும்மா விடாதீர்கள். திரை முழுவதையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிரப்பிச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு செத்த பிக்சல்களைப் பல கம்பனிகள் பழுதாகவே ஏற்பதில்லை. ஆனால் 14 நாளுக்குள் என்றால் நீங்கள் காரணமே சொல்லவேண்டியதில்லை. இரவில் விளக்கை அணைத்துக் கறுப்புத் திரையின் மூலைகளைப் பாருங்கள். பிறகு, நன்றாகப் பழகிய ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து அரை மணி நேரம் வாசியுங்கள். பெட்டியையும் உறைகளையும் அதுவரை எறியவேண்டாம்.

இனி அந்த மூவருக்கும் நான் சொன்ன பதில். கணக்கு வேலை செய்யும் அக்காவுக்கு: முதலில் கண் பரிசோதனை, பிறகு வேலை கொடுப்பவரிடம் ஒரு கடிதம். அதன் பிறகும் சொந்தக் காசில் வாங்குவதென்றால், உயரம் மாற்றக்கூடிய 27 அங்குல 4கே திரை, 350 பவுணுக்குள். தகப்பனுக்கு: மகனுடைய கணனி விநாடிக்கு எத்தனை படம் கொடுக்கிறது என்று அவனையே அளந்து காட்டச் சொல்லுங்கள். 144ஐத் தாண்டாவிட்டால் 900 பவுண் திரைக்கு வேலையே இல்லை. அதன் மூன்றிலொரு பங்கு விலையில் அவனுக்குப் போதுமானது கிடைக்கும். படம் எடுக்கும் தம்பிக்கு: இன்றைக்கே அளவுக் கருவியை வாங்குங்கள். திரையை இப்போதைக்கு விடுங்கள். அச்சில் நிறம் சரியாக வரவேண்டும் என்று காசு கொடுத்துக் கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகும்போது, ஆயிரம் பவுண் திரை தானாகவே தன் விலையை உழைத்துத் தரும்.

அக்காவின் கண்ணாடி மாறிவிட்டது. திரை இன்னும் பழையதுதான். தலையிடி பாதி குறைந்துவிட்டதாகப் போன கிழமை சொன்னார்.